பதின்மூன்றாவது படகு

காசிமேட்டில்
உப்பில் துருப்பிடித்த ஷட்டருக்குள்ளே
ஐஸ் உடைக்கும் மிஷின்,
அதற்கும் உள்ளே நானும் ஒரு பழைய லேப்டாப்பும்.
கடனுக்கு ஐஸ் எடுப்பவை பன்னிரண்டு படகுகள்.
கணக்கு நோட்டு நனைந்து நனைந்து கிழிந்ததால்
ஜாவாஸ்கிரிப்ட் படிக்க ஆரம்பித்தேன்.

முதல் ஓட்டத்தில் பதின்மூன்று பில் வந்தது.

கடைசி பில்லில் படகின் பெயர் அன்டிஃபைன்ட்.
தொகை இருக்கவேண்டிய இடத்தில்
மூன்றே மூன்று ஆங்கில எழுத்து.
எழுத்துக்கூட்டிப் படித்தான் டெல்லிபாபு:
"நான்."
எண் இல்லை என்று அதற்கு அர்த்தம் என்றேன்.
"நான்னுதான் போட்டிருக்கு. நீயே கட்டிடு"
என்று ஐஸ் பாரைத் தோளில் ஏற்றிக்கொண்டு போனான்.

சுழியத்திலிருந்து எண்ணும் மொழி அது.
மேரி ஸ்டெல்லா சுழியம்,
கடலரசி ஒன்று,
கோடியில் நிற்கும் அங்காளம்மன் துணை பதினொன்று.
நானோ
பன்னிரண்டுக்குச் சமமானாலும் போ என்று எழுதி
வெறும் தண்ணீருக்கு பில் போட்டிருக்கிறேன்.
சமக்குறியை அழித்தேன்.
இல்லாத படகு இல்லாமல் போனது.

அப்புறம், ஐ-யைக் கூட்ட மறந்த இரவு.
திரை உறைந்துவிட்டது. விசிறி இரைந்தது.
எண்ணூர் சாலையில்
துறைமுக கேட்டுக்காக நிற்கும் கன்டெய்னர் லாரிகள் மாதிரி:
இன்ஜின் ஓடுகிறது, டீசல் போகிறது,
ஒருவரும் நகரவில்லை.
மேரி ஸ்டெல்லாவுக்கு மட்டும்
எத்தனை லட்சம் பார் ஐஸ் போட்டேனோ.
இரண்டு கூட்டல் குறி. அவ்வளவுதான் குறை.

பாக்கிக்காரர்களுக்கு மெசேஜ் எழுதி
ஐந்து நிமிடம் கழித்து அனுப்பு என்றேன்.
பன்னிரண்டு போனும் ஒன்றாக அலறின:
அன்புள்ள அன்டிஃபைன்ட்.
செலஸ்டின் லுங்கியை மடித்துக் கட்டியபடி
கடைக்கே வந்துவிட்டார்.
"எம்பேரு என்னா, சொல்லு பார்ப்போம்?"

வார் என்று எழுதியிருந்தேன்.
ஏலத்தில் ஒரே சிலேட்டில்
விலையை அழித்து அழித்து எழுதுவது போல
மொத்தச் சுற்றுக்கும் ஒரே ஒரு ஐ.
மெசேஜ்கள் வந்து எட்டிப் பார்க்கும்போது
சுற்று முடிந்து
சிலேட்டில் பன்னிரண்டு,
அந்த எண்ணில் படகே கிடையாது.
லெட் என்று மாற்றினேன்.
ஆளுக்கொரு சீட்டு, எழுதியது எழுதியபடி.

இதுவரை வந்ததெல்லாம் கத்திக்கொண்டு வந்த தவறுகள்.
ஒன்று மட்டும் சத்தமே போடவில்லை.

காசு கட்டிய படகைப் பட்டியலிலிருந்து நீக்கு என்று
சுற்றுக்குள்ளேயே சொல்லியிருந்தேன்.
கடலரசி கட்டியிருந்தது, நீங்கியது.
அதன் இடத்துக்குச் சவேரியார் நகர்ந்து வந்தது.
ஐ அதற்குள் அடுத்த இடத்துக்குப் போய்விட்டது.
சவேரியாரும் கட்டியிருந்தது. யார் பார்த்தது?

பாஸ்கா வந்தாள்.
சண்டை போடவில்லை. ரசீதை மேசையில் வைத்தாள்,
மீன் செதில் ஒட்டிய ரசீது.
கட்டின காசைத் திரும்பக் கேட்டால்
வீட்டில் என்னைத்தான் சந்தேகப்படுவார்கள் என்றாள்.
நான் ஸ்கிரீனைத் திருப்பிக் காட்டினேன், எதற்கென்று தெரியாமல்.
ஒரு நிமிடம் பார்த்தாள்.
"முன்னாடி நிக்கிறவ போனா வரிசை நகரும்ல?
தண்ணி லாரிகிட்ட நீ நின்னதே இல்லியா?"

நின்றிருக்கிறேன். இருபது வருஷம்.

அன்றிரவு கடைசிப் படகிலிருந்து
முதல் படகுக்கு வரும்படி மாற்றி எழுதினேன்.
நீங்கினாலும், நகர்வது
ஏற்கெனவே பார்த்து முடித்த படகுகள்தான்.
ஓடவிட்டால் மேரி ஸ்டெல்லா விட்டுப்போயிருந்தது.
சுழியத்தைவிடப் பெரிதாக இருக்கும்வரை, என்று நிறுத்தியிருந்தேன்.
சுழியத்துக்குச் சமமானாலும் வா, என்று சேர்த்தேன்.
முதல் நாள் அழித்த அதே சமக்குறி.

விடிகாலை நாலு மணி. காற்று சரியில்லை.
படகு விளக்குகள் ஒவ்வொன்றாக உள்ளே வந்தன.
ஷட்டர் ஓரம் நின்று எண்ணினேன்.
பதினொன்றில் முடிந்தது.
அடிவயிறு சில்லிட்டது.
பிறகுதான் உறைத்தது,
சுழியத்திலிருந்து எண்ணியிருக்கிறேன்.